ஊர் ஊராக மிருகக்காட்சி சாலை பார்த்தவர்

அமெரிக்கர் வில்லியம் ஹார்னடேயின் வாழ்க்கை வரலாறு

மிருகக்காட்சி சாலைக்குப் போகிறவர்கள் சிங்கத்தைப் பார்ப்பார்கள். யானையைப் பார்ப்பார்கள். குரங்குக்கு முன்னால் வெகு நேரம் நிற்பார்கள்.

கூண்டின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, மிருகம் ஓடுவதற்கு இடம் இருக்கிறதா, வெயிலுக்கு நிழல் உண்டா என்று பார்க்கிறவர் ஆயிரத்தில் ஒருவர்தான்.

அப்படிப்பட்ட ஒருவர் வில்லியம் டெம்பிள் ஹார்னடே.

1896-ம் ஆண்டு கோடைக்காலத்தில், தமது 41-வது வயதில், அவர் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போனார். அரண்மனைகளைப் பார்க்கப் போகவில்லை. மிருகக்காட்சி சாலைகளைப் பார்ப்பதுதான் அவருக்கு வேலை. ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். அதையும் பார்த்தார். இரண்டையும் ஒப்பிட்டார். பிறகு அடுத்த ஊர்.

திரும்பி வந்து, நியூயார்க் நகரில் ஒரு மிருகக்காட்சி சாலையை உண்டாக்கினார். பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலை என்று அதற்குப் பெயர். இன்றும் உலகப் பிரசித்தி பெற்றது.

ஆனால், பத்தே ஆண்டுகளில், அதே இடத்தில், அவரே ஒரு காரியம் செய்தார். அந்தக் களங்கம் இன்றுவரை அவர் பெயரை விட்டு நீங்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் அவர் கதையைச் சொல்ல வேண்டும்.

தாய் தந்தை இல்லாத பையன்

ஹார்னடே 1854-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இன்டியானா மாநிலத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். அவர் சிறு குழந்தையாக இருந்தபோது, குடும்பம் அயோவா மாநிலத்துக்குக் குடி போயிற்று. சுற்றிலும் புல்வெளி, எங்கே பார்த்தாலும் பறவைகள், பிராணிகள். பையனுக்குப் பொழுது போனது அவற்றோடுதான்.

பதினைந்து வயது ஆவதற்குள் தாயும் தந்தையும் இறந்துவிட்டார்கள்.

அயோவாவில் இருந்த விவசாயக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். அங்கே ஒரு தொழில் அவர் மனதைக் கவர்ந்தது. செத்த மிருகத்தின் தோலைப் பாடம் செய்து, உள்ளே பொருள்களை அடைத்து, உயிரோடு நிற்பது போலவே நிறுத்தி வைக்கும் தொழில் அது.

போட்டோவும் சினிமாவும் வளராத காலம். தூர தேசத்து மிருகத்தை ஜனங்கள் பார்க்க வேண்டுமானால், மியூசியத்தில் இப்படிப் பாடம் செய்து வைத்தால்தான் உண்டு. ஆகவே நல்ல வேலைக்காரருக்கு மதிப்பு இருந்தது.

1873-ல் ஹார்னடே, ராச்செஸ்டர் நகரில் இருந்த வார்டு என்பவரின் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மியூசியங்களுக்கு மிருகத் தோல், எலும்புக்கூடு முதலியவற்றை விற்கும் நிறுவனம் அது. தொழிலைக் கற்றுக்கொண்டதும், அவரை வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள்.

மிருகங்களைப் பிடித்து வர அல்ல, சுட்டுக்கொண்டு வர.

ஆனைமலைக் காட்டில்

1876 முதல் 1879 வரை அவர் ஆசியா முழுவதும் சுற்றினார். யமுனை நதியில் முதலைகளைச் சுட்டார். பிறகு நம் பக்கம் வந்தார். நீலகிரியைப் பார்த்துவிட்டு, ஆனைமலைக் காட்டுக்குள் நுழைந்தார்.

தூணக்கடவு என்ற இடத்தில் முகாம் போட்டார். அப்போது அது சென்னை ராஜதானியைச் சேர்ந்த பகுதி. காட்டில் அவருக்கு வழி காட்டியவர்கள் மலைவாசிகள். யானை, காட்டெருமை, கடமான், புலி எல்லாம் அவர் துப்பாக்கிக்கு இரையாயின. காட்டுக் காய்ச்சல் கண்டு படுத்த படுக்கையானார். எழுந்ததும் மறுபடியும் துப்பாக்கியை எடுத்தார்.

பின்னர் இலங்கை, மலாய் நாடு, போர்னியோ தீவு. போர்னியோவில் மட்டும் 43 ஓராங்குட்டான் குரங்குகளை அவர் சேகரித்தார். அதே போர்னியோவில் ஒரு குட்டி ஓராங்குட்டானைப் பிள்ளை போல வளர்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சுடுகிற கையும் அவருடையதுதான். பால் ஊட்டிய கையும் அவருடையதுதான்.

இந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1885-ல் வெளிவந்து, பெரும் புகழைத் தேடித் தந்தது.

ஆயிரத்துத் தொண்ணூற்று ஒன்று

1882-ல் தலைநகரான வாஷிங்டனில் உள்ள தேசிய மியூசியத்தில், பாடம் செய்யும் பிரிவுக்குத் தலைவரானார்.

அங்கே ஒரு நாள் அவர் கணக்கு எடுத்துப் பார்த்தார். அமெரிக்காவின் புல்வெளிகளில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் மேய்ந்த பைசன் என்னும் காட்டெருமை, மியூசியத்தில் பேருக்குக்கூட நல்லபடியாக இல்லை. தோலுக்காக வேட்டைக்காரர்கள் அதைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சில ஆண்டுகள் போனால், பாடம் செய்வதற்குக்கூட ஒன்று கிடைக்காது போலத் தோன்றியது.

1886-ல் மான்டானாவுக்கு இரண்டு முறை போனார். நாள்கணக்கில் தேடி அலைந்தும் மந்தையைக் காணோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் அகப்பட்டன. மியூசியத்துக்காக அவற்றையும் சுட்டார்கள். ஒரு கன்றை மட்டும் உயிரோடு ரெயிலில் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தார். சாண்டி என்று அதற்குப் பெயர் வைத்தார். மியூசியத்துக்கு வெளியே புல்தரையில் அது மேய்வதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஆனால் சில மாதங்களிலேயே அது செத்துப்போயிற்று.

1889-ல் ஹார்னடே ஒரு கணக்கை வெளியிட்டார். வட அமெரிக்கா முழுவதிலும் மிச்சம் இருந்த காட்டெருமைகள் 1,091.

கோடிகள் எங்கே, இது எங்கே! வேட்டைக்காரர் ஹார்னடே அன்றோடு வேறு மனிதர் ஆனார். செத்த மிருகத்தை அழகாக நிறுத்திவைத்து என்ன பயன், உயிரோடு காப்பாற்ற வேண்டாமா என்று பேசத் தொடங்கினார்.

மியூசியத்தின் பின்புறத்தில் கொட்டகை போட்டு, சில மிருகங்களை உயிரோடு வளர்த்தார். பாடம் செய்த மிருகங்களைப் பார்க்க வந்தவர்கள், அவற்றை விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார்கள். அதிலிருந்துதான் வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சி சாலை பிறந்தது. 1889-ல் அதற்குச் சட்டம் ஆயிற்று. முதல் அதிகாரி ஹார்னடேதான்.

ஆனால் மேலதிகாரியோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஹார்னடே முன்கோபக்காரர், தாம் நினைத்ததுதான் சரி என்பவர். 1890-ல் வேலையை உதறிவிட்டுப் போனார். ஆறு ஆண்டு காலம் பபலோ நகரில் நிலம், வீடு வாங்கி விற்கும் வியாபாரம் செய்தார். மிருகங்களை மறந்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள்.

ஐரோப்பாவில் கண்டது

1895-ல் நியூயார்க் நகரப் பிரமுகர்கள் சேர்ந்து ஒரு விலங்கியல் சங்கம் அமைத்தார்கள். உலகம் மெச்சும் ஒரு மிருகக்காட்சி சாலை வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அதற்கு டைரக்டராக ஹார்னடேயை அழைத்தார்கள். கட்டுவதற்கு முன்னால், உள்ளதையெல்லாம் பார்த்து வர அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள்.

அந்தக் காலத்தில் மிருகக்காட்சி சாலை என்றால் ஐரோப்பாதான்.

லண்டன் மிருகக்காட்சி சாலை 1828-ல் ஏற்பட்டது. முதலில் சங்கத்து உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி. 1847 முதல்தான் காசு கொடுத்து யாரும் பார்க்கலாம் என்று ஆயிற்று. பாம்புகளுக்கென்று தனி வீடு 1849-ல். மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் பொதுஜனங்களுக்குக் காட்டியது 1853-ல். இப்படிப் பல காரியங்களில் உலகத்துக்கே வழி காட்டியது லண்டன். எத்தனை எத்தனையோ வகை மிருகங்கள் அங்கே இருந்தன. ஆனால் மொத்த இடம் சுமார் 36 ஏக்கர்தான்!

பெல்ஜியம் நாட்டு ஆன்ட்வெர்ப் நகரில், ரெயில் நிலையத்தை ஒட்டியே மிருகக்காட்சி சாலை. 1843-ல் தொடங்கியது. அங்கே எகிப்து தேசத்துக் கோவில் போலவே சித்திரங்கள் தீட்டிய ஒரு கட்டடம். உள்ளே சுவாமி கிடையாது, யானை நிற்கும்!

ஜெர்மனியின் பெர்லினிலும் இந்த மோகம்தான். மான் இனங்களுக்கு அராபிய அரண்மனை, யானைக்குக் கோபுரம் வைத்த மாளிகை என்று கட்டியிருந்தார்கள். பூந்தோட்டம், பாண்டு வாத்தியம், சாப்பாட்டு விடுதி எல்லாம் உண்டு. பணக்காரர்கள் மாலை வேளையில் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து பொழுதுபோக்குவார்கள்.

பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சுகம். உள்ளே இருக்கிற பிராணிக்கு?

காட்டில் மைல்கணக்கில் ஓடித் திரியும் மிருகம், மாட்டுத் தொழுவம் போன்ற முற்றத்தில் நாலு எட்டு வைத்துத் திரும்ப வேண்டியிருந்தது. கட்டடத்தின் அழகைப் பார்த்து மயங்குகிறவர் அல்ல ஹார்னடே. மந்தையாக வாழும் மிருகத்துக்கு மந்தையாக மேய இடம் வேண்டும் என்பது வாஷிங்டனிலேயே அவருக்கு ஏற்பட்டிருந்த எண்ணம். ஐரோப்பிய ஊர்களைப் பார்த்தபின் அது உறுதியாயிற்று. கட்டுவதானால் பெரிதாக, காட்டோடு காடாகக் கட்ட வேண்டும்!

261 ஏக்கர்

நியூயார்க்கில் பல பூங்காக்களை அவர் நடந்து நடந்து பார்த்தார். பிராங்க்ஸ் பகுதியில் ஓர் இடம் அவர் மனதுக்குப் பிடித்தது. நடுவே ஓடும் ஆறு, பெருங்காடு, புல்வெளி, பாறைகள். கையால் தள்ளினால் லேசாக ஆடும் ஒரு பெரிய பாறைகூட அங்கே உண்டு. பணம் கொட்டிக் கொடுத்தாலும் மனிதரால் உண்டாக்க முடியாத இடம்.

261 ஏக்கர். லண்டனைப்போல் ஏழு மடங்கு.

1899-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி திறப்பு விழா நடந்தது. அன்று அங்கே இருந்தவை 843 பிராணிகள். காட்டெருமைகளுக்கு மட்டும் 20 ஏக்கர் புல்வெளி. கரடிகளுக்குப் பாறைகளை ஒட்டிய குகைகள். பறவைகளுக்கு, மரங்களை உள்ளே வைத்தே கட்டிய பெரும் கூண்டு. அதற்குள்ளேயே நாரைகள் பறக்கலாம்.

எல்லா மிருகத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. சிங்கத்துக்கும் குரங்குக்கும் கட்டியவை, வழக்கமான கம்பிக் கூண்டு வைத்த மண்டபங்கள்தான். 1907-ல் ஜெர்மானியர் ஹாகன்பெக், ஹாம்பர்க் அருகே கம்பியே இல்லாமல், அகழி வெட்டி, சிங்கங்களை வெளியில் உலாவவிட்டுக் காட்டினார். உலகமே வியந்தது. அப்படி ஒரு பெரிய வெளி பிராங்க்ஸுக்கு வந்தது 1941-ல். அப்போது ஹார்னடே உயிரோடு இல்லை.

டைரக்டர் வேலையில் அவர் மிகவும் கண்டிப்பு. குப்பை போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பார்க்க வருகிறவர்கள் இஷ்டத்துக்குப் போட்டோ எடுப்பதையும் அனுமதிக்கவில்லை. தோட்டம் முழுவதும் எச்சரிக்கைப் பலகைகள்!

1905-ம் ஆண்டு டிசம்பரில் அதே பிராங்க்ஸ் தோட்டத்தில் அமெரிக்கக் காட்டெருமைச் சங்கம் தொடங்கியது. தலைவர் ஹார்னடே. கௌரவத் தலைவர், ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். தோட்டத்தில் வளர்ந்த காட்டெருமைகளை மறுபடியும் காட்டிலேயே கொண்டுபோய் விடுவது சங்கத்தின் திட்டம்.

புகழின் உச்சியில் இருந்தார் ஹார்னடே.

குரங்கு வீட்டில் ஒரு மனிதர்

1906-ம் ஆண்டு செப்டம்பர் மாதம்.

பிராங்க்ஸ் குரங்கு வீட்டின் ஒரு கூண்டில், ஓராங்குட்டான் குரங்கோடு ஒரு மனிதரை வைத்தார்கள்.

அவர் பெயர் ஓட்டா பெங்கா. ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டுக் காட்டைச் சேர்ந்தவர். உயரம் குறைந்த ம்புட்டி இனத்தவர். காங்கோவில் நடந்த கொடுமைகளில் மனைவி மக்களைப் பறிகொடுத்தவர். 1904-ல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, வெர்னர் என்ற அமெரிக்கர் அவரை அழைத்து வந்தார். இரண்டாம் முறை அமெரிக்காவுக்கு வந்தபோது, தங்க இடம் இல்லாமல் பிராங்க்ஸ் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். முதலில் தோட்டத்தில் சுற்றித் திரிந்தார், வேலைக்காரர்களுக்கு உதவினார்.

பிறகுதான் கூண்டு. வெளியே பலகை ஒன்று வைத்தார்கள். பெயர், வயது, உயரம், எடை, எந்த நாடு, யார் கொண்டுவந்தது என்று எழுதியிருந்தது. மிருகங்களுக்கு வைக்கும் பலகையேதான்.

கூட்டம் ஆயிரக்கணக்கில் திரண்டது. அவர் நடந்தால் பின்னாலேயே ஓடிச் சிரித்தார்கள், கூச்சல் போட்டார்கள், சீண்டினார்கள்.

நியூயார்க்கில் இருந்த கறுப்பு இனத்துப் பாதிரிமார்கள் கொதித்தார்கள். ஜேம்ஸ் கார்டன் என்ற பாதிரியார் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அவர் புரூக்ளினில் கறுப்பு இன அனாதைக் குழந்தைகளின் விடுதியை நடத்தி வந்தவர். மேயரைப் பார்க்கப் போனார்கள். அவர் பார்க்க மறுத்தார். ஹார்னடேயிடம் முறையிட்டார்கள். தாம் தவறு எதுவும் செய்யவில்லை என்றே ஹார்னடே சாதித்தார். சங்கத்துப் பெரியவர்களும் அவர் பக்கமே நின்றார்கள்.

காட்டெருமைக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று தெரிந்தவருக்கு, ஒரு மனிதருக்குக் கூண்டு ஆகாது என்பது தெரியவில்லை.

எதிர்ப்பு வலுத்தது. அந்த மாத முடிவில் ஓட்டா பெங்கா, கார்டன் பாதிரியாரின் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தார். 1910-ல் வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் நகரில் குடியேறினார். புகையிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சிறுவர்களுக்குக் காட்டு வித்தைகளைச் சொல்லிக்கொடுத்தார். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் தீரவில்லை. உலக யுத்தம் வந்தது. போகும் வழி அடைபட்டது. 1916-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையை நடத்தும் சங்கம் இதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2020-ம் ஆண்டில். 114 ஆண்டுகள் கழித்து! அமெரிக்கச் சாரணர் இயக்கம், வனவிலங்குகளைக் காப்பவர்களுக்கு ஹார்னடே பெயரில் கொடுத்துவந்த விருதையும் அதே ஆண்டில் நிறுத்தியது.

ரெயில் ஏறிய 15 காட்டெருமைகள்

கூண்டு விவகாரம் நடந்து ஓராண்டு ஆயிற்று. 1907-ம் ஆண்டு அக்டோபரில், பிராங்க்ஸ் தோட்டத்திலிருந்து 15 காட்டெருமைகளை, ஒவ்வொன்றையும் தனித்தனி மரப் பெட்டியில் ஏற்றி, ரெயிலில் அனுப்பினார்கள். ஒக்லஹாமா பகுதியில் உள்ள விச்சிட்டா மலைக்கு. ஒரு வார காலப் பயணம். ஒன்றுகூடச் சாகாமல் போய்ச் சேர்ந்தன.

செவ்விந்தியரில் கொமான்சி இனத்தவர் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். அவர்களுடைய தலைவர் குவானா பார்க்கரும் வந்தார். ஒரு காலத்தில் காட்டெருமையை நம்பியே வாழ்ந்த மக்கள் அவர்கள். கிழவர்களுக்கு அது பழைய உறவு. குழந்தைகள் அந்த மிருகத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்கள்.

அந்த 15-லிருந்து பெருகிய மந்தை இன்றும் விச்சிட்டாவில் மேய்கிறது. 2016-ல் காட்டெருமை, அமெரிக்காவின் தேசியப் பாலூட்டி என்று சட்டம் ஆயிற்று.

ஹார்னடே அதோடு ஓயவில்லை. பெண்களின் தொப்பிக்காகப் பறவைகளைக் கொல்வதை எதிர்த்தார். கடல்நாய்களைக் காப்பாற்றப் போராடினார். 1911-ல் அதற்காக நான்கு நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. அழிந்துவரும் மிருகங்களைப் பற்றி 1913-ல் அவர் எழுதிய புத்தகம் அமெரிக்காவையே உலுக்கியது. துப்பாக்கி உற்பத்தியாளர்கள், வேட்டைக்காரர்கள், சர்க்கார் அதிகாரிகள் எல்லோரையும் பகைத்துக்கொண்டார். முன்னாள் வேட்டைக்காரரல்லவா, அவர்களுடைய தந்திரங்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

1926-ல் ஓய்வு பெற்றார். முப்பது ஆண்டு காலம் ஒரே தோட்டத்தின் டைரக்டர். 1937-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்போர்டு நகரில் காலமானார். வயது 82.

அவர் இறந்து 20 ஆண்டுகளுக்குப் பின், 1957-ல், வாஷிங்டன் மியூசியத்தில் ஒரு சம்பவம் நடந்தது. 1886-ல் அவர் மான்டானாவிலிருந்து கொண்டுவந்து பாடம் செய்து நிறுத்திய ஆறு காட்டெருமைகளை, பழசாகிவிட்டது என்று அகற்றினார்கள். அவை நின்ற தரையின் அடியில் ஒரு சிறு பெட்டி அகப்பட்டது. உள்ளே ஹார்னடே தம் கைப்பட எழுதி வைத்த கடிதம். தமக்குப் பின்னால் அந்த வேலைக்கு வரப்போகிறவருக்கு எழுதியது. இந்த மிருகங்களை அழித்துவிடாமல் காப்பாற்றும்படி கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆறு காட்டெருமைகளும் மான்டானாவுக்கே திரும்பிப் போயின. போர்ட் பென்டன் என்ற ஊரில், செப்பனிட்டு, மறுபடியும் ஒன்றாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.